பென்சிலுக்கு முன் விரல்கள்: 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சிகள்

மூன்று வயது முடிந்த கையோடு பென்சிலையும் நான்கு கோடு நோட்டையும் எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். 'அ' எழுத வரவில்லை, கோட்டுக்குள் நிற்கவில்லை, ஐந்து நிமிடத்தில் எழுந்து ஓடிவிடுகிறான் என்று வருத்தப்படாத பெற்றோரை நான் பார்த்ததே குறைவு. மழலையர் வகுப்பில் வேலை செய்கிறவள் என்பதால் இதை ஒவ்வொரு ஜூன் மாதமும் கேட்கிறேன்.

குறை பிள்ளையிடம் இல்லை. மணிக்கட்டில் இருக்கும் 8 சிறு எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட்டு முடிய 10, 12 வயது வரை ஆகும். விரல்களில் வலு ஏறுவதும் மெதுவாகத்தான். அந்தக் கை எழுதத் தொடங்கும் முன் கிள்ளி, உரித்து, உருட்டி, ஊற்றி, பிழிந்து, கோர்த்துப் பழகியிருக்க வேண்டும். அதற்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் உங்கள் சமையலறையில் ஏற்கெனவே இருக்கின்றன.

இது புதிய யோசனையும் இல்லை. 1907 ஜனவரியில் ரோம் நகரில், சான் லொரென்சோ என்ற ஏழைகள் குடியிருந்த பகுதியில் மரியா மாண்டிசோரி தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். கை கழுவுவது, துடைப்பது, பொத்தான் போடுவது போன்ற அன்றாட வேலைகளும் அங்கே பாடமாயின. 1939-ல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இன்று அவர் பெயரைச் சொல்லி ஆயிரக்கணக்கில் விலை போட்ட மரச்சாமான்கள் விற்கிறார்கள். வாங்க முடிகிறவர்கள் வாங்கட்டும். ஒரு டபரா செட்டும் ஒரு தாம்பாளமும் வீட்டில் இருந்தால் நாளைக் காலையே தொடங்கிவிடலாம்.

முதலில் இடமும் முறையும்

ஒரு பாய், அதன்மேல் விளிம்பு உள்ள ஒரு தட்டு. விளையாட்டுச் சாமான் எல்லாம் அந்தத் தட்டுக்குள்ளேயே இருக்கட்டும். கொட்டினாலும் தட்டுக்குள் கொட்டும், எடுத்து வைப்பதும் சுலபம். 'இது என் வேலை, இங்கே தொடங்கி இங்கே முடிகிறது' என்று பிள்ளைக்குப் புரிவதற்கும் அந்த விளிம்பு உதவுகிறது.

பசியோடு இருக்கும்போதும் தூக்கக் கலக்கத்திலும் எதையும் தொடங்காதீர்கள். காலை சாப்பாடு முடிந்த பிறகு 10, 15 நிமிடம் போதும். அவளாகவே அரை மணி நேரம் உட்கார்ந்தால் சந்தோஷம், ஆனால் உட்கார வைக்க வேண்டாம்.

சொல்லிக்கொடுக்கும் விதத்தில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். வலக்கைப் பிள்ளை என்றால் அதன் வலப்பக்கம் உட்காருங்கள், இடக்கைப் பிள்ளை என்றால் இடப்பக்கம். அப்போது உங்கள் கை பிள்ளையின் பார்வையை மறைக்காது. பேசாமல், வழக்கத்தைவிடப் பாதி வேகத்தில், ஒரே ஒரு முறை முழுதாகச் செய்து காட்டுங்கள். பேசிக்கொண்டே செய்தால் பிள்ளை உங்கள் வாயைப் பார்க்கும், கையைப் பார்க்காது. அப்புறம் தட்டை அதன் பக்கம் நகர்த்திவிட்டு உங்கள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். சிந்தட்டும், தப்பாகப் போடட்டும். 'அப்படி இல்லடா' என்று கை நீட்டிவிட்டால் அந்த வேலை உங்களுடையதாகிவிடும். மறுநாள் இன்னொரு முறை செய்து காட்டிக்கொள்ளலாம்.

சில எச்சரிக்கைகள், இவற்றில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 3 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையும், எதையும் வாயில் போடும் பழக்கம் விடாத பிள்ளையும் வீட்டில் இருந்தால் 3 செ.மீ.க்குச் சிறிய எந்தப் பொருளும் வேண்டாம். மூன்று வயதுக்கு மேல் என்றாலும் மொச்சை, புளியங்கொட்டை, பொத்தான் இவற்றோடு தனியே விடாதீர்கள். மூக்கில் போட்டுக்கொண்டு வரும் பிள்ளைகள் நிறைய. ஊறிய பயறு மூக்குக்குள் போனால் இன்னும் உப்பும், எடுப்பது கஷ்டம். முழு வேர்க்கடலையை எண்ணவோ கோர்க்கவோ கொடுக்க வேண்டாம், தொண்டையில் அடைக்கும். சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கும் குன்றிமணி விஷம். மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பழைய பல்லாங்குழிப் பெட்டியில் கிடந்தால் எடுத்துவிடுங்கள். பொம்மையிலிருந்து கழன்ற பொத்தான் பேட்டரியும் அப்படித்தான். தண்ணீர் வைத்த பயிற்சிகளில் ஒரு டம்ளர், இரண்டு டம்ளர் போதும். வாளியும் பிள்ளையும் தனியாக இருக்கவே கூடாது.

ஊற்றுதல்

எதில் தொடங்கலாம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். டபராவும் டம்ளரும் இதற்கென்றே செய்தது போல் இருக்கும்: விளிம்பு வெளியே மடிந்திருக்கும், பிடிக்க வசதி, கீழே விழுந்தாலும் உடையாது.

முதல் படி, அரிசி. டம்ளரில் முக்கால் அளவு போட்டு டபராவுக்கு மாற்றி, மறுபடி டம்ளருக்கு. அரிசி மெதுவாக இறங்கும், ஓசை கேட்கும், சிந்தினால் தெரியும். சிந்தியதை விரலால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போடுவது அடுத்த பயிற்சி. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து செய்யும் அந்தக் கிள்ளல்தான் பின்னால் பென்சில் பிடிக்கும். தாயும் தந்தையும் பொறுக்கித் தர வேண்டாம்.

இரண்டாவது படி, தண்ணீர். டம்ளரில் பாதி மட்டும். பக்கத்தில் மடித்த ஒரு துணி, சிந்தினால் துடைக்க. துடைப்பதையும் செய்து காட்டுங்கள், அதுவும் பாடம்தான். மூன்றாவது படி, கிண்ணத்தில் தண்ணீர், ஒரு ஸ்பாஞ்ச், காலிக் கிண்ணம்: நனைத்து, தூக்கி, பிழிந்து, தண்ணீரை அடுத்த கிண்ணத்துக்குக் கொண்டுபோக வேண்டும். உள்ளங்கைக்கு இவ்வளவு நல்ல வேலை வேறில்லை. நான்காவது, இரண்டு டம்ளரை வைத்து ஒரு சொம்புத் தண்ணீரைச் சமமாகப் பங்கு போடுவது.

என் அண்ணன் மகள் நான்கு வயதில் இந்த நான்காவது படியைச் செய்துகொண்டிருந்தாள். நாக்கின் நுனி கடைவாய்ப் பக்கம் வெளியே வந்திருந்தது, முழங்கை தொடையில் ஊன்றியிருந்தது. இரண்டு டம்ளரும் சமம் என்று அவளே குனிந்து, கண்ணை விளிம்பு மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்து முடிவு செய்தாள். அதில் ஒன்றை எடுத்து அவள் கண்ணெதிரிலேயே ஒல்லியான உயரமான கண்ணாடிக் கிளாஸில் ஊற்றினேன். "இப்ப எதுல நிறைய இருக்கு?" என்று கேட்டேன். "இதுல, அத்தை" என்று யோசிக்காமல் உயரமான கிளாஸைக் காட்டினாள். திருப்பி டம்ளரில் ஊற்றியதும் "இப்ப சமமாயிடுச்சு" என்றாள். அவளுக்கு அதில் எந்த முரணும் தெரியவில்லை.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே குழந்தைகளிடம் செய்து பார்த்த புகழ்பெற்ற சோதனை இது. பெரும்பாலான பிள்ளைகள் 6, 7 வயது வரை உயரத்தைப் பார்த்தே அளவைச் சொல்வார்கள். விளக்கிச் சொல்லி மாற்ற முயலாதீர்கள், மாறாது. பலவிதப் பாத்திரங்களில் அளந்து ஊற்றிக்கொண்டே இருக்கும் கை அதை ஒருநாள் தானாகக் கண்டுகொள்ளும். வீட்டில் உழக்கும் படியும் இருந்தால் எடுத்துக் கொடுங்கள், ஒரு படிக்கு எத்தனை உழக்கு என்று அவளே கண்டுபிடிக்கட்டும்.

உரித்தல், பிசைதல், கோர்த்தல்

சமையலுக்கு உட்காரும்போது ஒரு பங்கு வேலையைப் பிள்ளைக்குக் கொடுத்தால் தனியாக நேரம் ஒதுக்கவே வேண்டாம். பச்சைப் பட்டாணி உரிப்பது, பூண்டுப் பல் பிரிப்பது, முருங்கைக்கீரை உருவுவது, அவித்த முட்டை உரிப்பது எல்லாமே 4 வயதுக்குச் சரியானவை. முருங்கை இலையைக் காம்பிலிருந்து உருவும்போது ஒரு கை பிடிக்கிறது, மறு கை இழுக்கிறது. இரண்டு கையும் வேறு வேறு வேலையைச் சேர்ந்து செய்வது இந்த வயதில் பழக வேண்டிய முக்கியமான திறமை. உருவி முடித்ததை அன்று சமைத்துப் பரிமாறும்போது 'இது பாப்பா ஆய்ந்த கீரை' என்று சொல்லிப் பாருங்கள், தட்டு எப்படிக் காலியாகிறது என்று.

பிசைய, சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை போதும். சில நாள் வைத்து விளையாட வேண்டுமானால் ஒரு டம்ளர் மைதா, அரை டம்ளர் பொடியுப்பு, ஒரு கரண்டி எண்ணெய், கொஞ்சம் கொஞ்சமாக அரை டம்ளர் தண்ணீர் விட்டு இறுக்கமாகப் பிசையுங்கள். மஞ்சள் தூள் போட்டால் மஞ்சள், பீட்ரூட் சாறு விட்டால் இளஞ்சிவப்பு. மூடி குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் வரும். உப்பு அதிகம் என்பதால் மாவைத் தின்னும் பிள்ளைக்கு இது வேண்டாம், சப்பாத்தி மாவே நல்லது. பாம்பு உருட்டுவதில் தொடங்குங்கள், அப்புறம் சீடை அளவு உருண்டை, அதற்கும் பிறகு முறுக்கு போல் சுற்றுவது.

துணிக் கிளிப்பை மறந்துவிடாதீர்கள். காகிதத் தட்டின் விளிம்பைச் சுற்றி மாட்டச் சொன்னால் முதலில் இரண்டு மூன்றிலேயே விரல் களைத்துவிடும். பழகியதும் தாழ்வாக ஒரு கயிறு கட்டி, தன் கைக்குட்டையையும் சாக்ஸையும் அவனே காயப்போடட்டும். கோர்ப்பதற்கு முதலில் பிளாஸ்டிக் வளையல்களைத் தண்ணீர் பாட்டிலில் மாட்டுவது, அடுத்து அகலமான ஸ்ட்ராவை வெட்டிய துண்டுகளை ஷூ நாடாவில் கோர்ப்பது. நாடாவின் நுனி கெட்டியாக இருப்பதால் துளையில் சுலபமாக நுழையும். நூலில்தான் கோர்க்க வேண்டும் என்றால் நுனியில் செல்லோடேப் சுற்றிக்கொள்ளுங்கள்.

எண்: ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு

ஒன்று முதல் நூறு வரை மூச்சுவிடாமல் சொல்லும் பிள்ளையிடம் ஒரு கிண்ணம் புளியங்கொட்டையை வைத்து "எனக்கு நாலு குடு" என்று கேளுங்கள். கைநிறைய அள்ளித் தரும் பிள்ளைகள் பலர். எண்ணின் பெயர் தெரியும், ஒரு பெயருக்கு ஒரு பொருள் என்ற இணைப்பு இன்னும் உண்டாகவில்லை. அதைப் பழக்கப் பல்லாங்குழியைவிடப் பொருத்தமான சாமான் எனக்குத் தெரியாது. 14 குழி. விளையாட்டு விதிகளை இப்போது மறந்துவிடுங்கள். குழிக்கு ஒரு கொட்டை போடுவது மட்டுமே முதல் வாரம். அதன்பின் குழிக்கு இரண்டு, மூன்று. காசி, பசு என்ற பேச்செல்லாம் ஆறு வயதில் வைத்துக்கொள்ளலாம். பலகை இல்லையென்றால் முட்டை அட்டை இருக்கிறது.

சாப்பாட்டு நேரத்தில் தட்டு வைக்கும் வேலையை அவளிடம் விடுங்கள். "அப்பாவுக்கு ஒண்ணு, ஆச்சிக்கு ஒண்ணு" என்று பெயர் சொல்லி வைக்கட்டும். ஒருநாள் விருந்தாளி வந்தால் எத்தனை தட்டு கூட வேண்டும்? கூட்டல் அங்கே ஆரம்பிக்கிறது. ஐந்துக்குள் நன்றாகக் கைவந்த பிறகு பத்துக்குப் போங்கள், அவசரமே இல்லை.

எண்ணுவதற்கு முன்பே தொடங்கக்கூடியது பிரிப்பது. மொச்சை, கொண்டைக்கடலை, புளியங்கொட்டை மூன்றையும் கலந்து மூன்று கிண்ணத்தில் பிரிக்கச் சொல்லலாம். துவைத்து வந்த துணியில் அப்பாவுடையது, தன்னுடையது என்று குவிப்பதும் அதே வேலைதான்.

மூக்கு, காது, விரல் நுனி

அஞ்சறைப்பெட்டியைத் திறந்து சோம்பு, சீரகம், ஏலக்காய், பட்டை, பெருங்காயம் இவற்றைச் சிறு சிறு டப்பாவில் போட்டு, வாயில் மெல்லிய துணி கட்டுங்கள். கண்ணை மூடி மோந்து பெயர் சொல்ல வேண்டும். பழகிய பிறகு ஒவ்வொன்றிலும் இரண்டு டப்பா செய்து ஜோடி சேர்க்கச் சொல்லுங்கள், சீரகமும் சோம்பும் பெரியவர்களையே குழப்பும். மிளகும் மிளகாய்த்தூளும் இந்த விளையாட்டில் வேண்டாம். இதேபோல் மூடிய டப்பாக்களில் அரிசி, உப்பு, மொச்சை போட்டு, டேப் ஒட்டி, குலுக்கிக் கேட்டு ஜோடி சேர்க்கலாம். துணிப்பையில் சாவி, சீப்பு, கரண்டி, எலுமிச்சம்பழம் போட்டுக் கைவிட்டுத் தடவியே பெயர் சொல்வதும் நல்ல விளையாட்டு.

நிறம் மாறும் சங்குப்பூ

வேலியில் நீலச் சங்குப்பூ பூத்திருந்தால் உங்கள் வீட்டில் ஓர் ஆய்வுக்கூடமே இருக்கிறது. பிள்ளையோடு போய் பத்துப் பூ பறியுங்கள். காம்பைக் கிள்ளி இதழை மட்டும் கிண்ணத்தில் போடுவது அவள் வேலை. வெந்நீர் ஊற்றுவது உங்கள் வேலை. ஐந்து நிமிடத்தில் தண்ணீர் கரு நீலமாகும். ஆறவைத்து, வடிகட்டி, மூன்று கண்ணாடிக் கிளாஸில் பிரியுங்கள்.

முதல் கிளாஸைத் தொடாதீர்கள், ஒப்பிட்டுப் பார்க்க அது அப்படியே இருக்கட்டும். இரண்டாவதில் அவள் கையாலேயே எலுமிச்சைச் சாறு சில சொட்டு விடச் சொல்லுங்கள். நீலம் ஊதாவாகும், இன்னும் விட்டால் இளஞ்சிவப்பு பக்கம் போகும். மூன்றாவதில் சமையல் சோடா ஒரு சிட்டிகை, பச்சை சாயும். இங்கே நீங்கள் காரணம் சொல்லத் தொடங்கினால் ஆர்வம் அங்கேயே முடிந்துவிடும். "வேற எதை ஊத்திப் பாக்கலாம்?" என்று மட்டும் கேளுங்கள். புளித்தண்ணீர், தக்காளிச் சாறு, சர்க்கரைத் தண்ணீர், உப்புத் தண்ணீர். ஊற்றும் முன் என்ன நிறம் வரும் என்று சொல்லச் சொல்லுங்கள். சர்க்கரையும் உப்பும் நிறத்தை மாற்றாது, புளிப்பானவை மாற்றும். ஊகித்து, செய்து, பார்த்துச் சரிபார்க்கும் பழக்கம் நான்கு வயதிலேயே கைக்கு வந்துவிடுகிறது.

பூ கிடைக்காதவர்களுக்கு மஞ்சள் இருக்கிறது. மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காயவிடுங்கள். சோடா கரைத்த தண்ணீரில் பஞ்சைத் தொட்டு அதன்மேல் கோடு இழுத்தால் சிவப்பாக எழும். மஞ்சள் கறை பட்ட துணி சோப்புப் பட்டதும் சிவக்கிறதே, அதே காரணம்தான். எலுமிச்சைச் சாறு பட்டால் மஞ்சள் திரும்பி வந்துவிடும். ஆரத்திக்குச் சேர்க்கும் சுண்ணாம்பும் இதைச் செய்யும் என்றாலும், கண்ணில் பட்டால் அது பார்வையையே கெடுக்கும். பிள்ளைகள் பக்கம் கொண்டுவராதீர்கள்.

முளை

வெந்தயமோ பச்சைப்பயறோ ஓர் இரவு ஊறவைத்து, இரண்டு தேங்காய்ச் சிரட்டையில் மண் நிரப்பித் தூவுங்கள். ஒன்று ஜன்னலோரம், ஒன்று அலமாரிக்குள் இருட்டில். இரண்டுக்கும் தினமும் தண்ணீர் தெளிப்பது பிள்ளையின் பொறுப்பு. ஒரு வாரத்தில் ஜன்னலோரம் பச்சையாகவும், இருட்டில் வெளிறிய மஞ்சளாக நெடுநெடுவென்றும் வளர்ந்திருக்கும். மாரியம்மன் கோயில் முளைப்பாரி அந்த மஞ்சள் நிறத்தில் இருப்பதும் இருட்டில் வளர்ப்பதால்தான். இருட்டுச் சிரட்டையை வெளிச்சத்துக்கு மாற்றி வையுங்கள், அது பச்சையாவதையும் அவள் பார்க்கட்டும்.

எழுத்துக்கு வரும்போது

எழுத்துக்கு முன்னால் ஓசை. தக்காளி என்று சொல்லி மூன்று முறை கைதட்டுங்கள்: தக், கா, ளி. வீட்டில் 'ப'வில் தொடங்கும் சாமான்களைத் தேடுங்கள்: பல், பழம், பந்து, படம். பேருந்தில் போகும்போதும் விளையாடலாம்.

வடிவம் என்று வரும்போது 'அ'வில் தொடங்காமல் 'ட'வில் தொடங்குங்கள். இரண்டே நேர்கோடு. அடுத்து 'ப', அடுத்து 'ம'. 'அ', 'இ' இரண்டிலும் சுழியும் வளைவும் நிறைய, கை பழகிய பிறகு அவை தானாக வரும். வரிசையாக ஒப்பிப்பது வாயால் நடக்கட்டும், எழுதும் வரிசை கைக்கு ஏற்றபடி இருக்கட்டும்.

விஜயதசமியன்று அரிசியில் விரலால் எழுத வைக்கிறோம். அதை ஒரே நாளோடு நிறுத்திவிடுவதுதான் தவறு. தட்டில் ரவையைப் பரப்பி விரலால் 'ட' எழுதலாம், தட்டை அசைத்தால் அழிந்துவிடும், அழித்த கறை நிற்காது. ஹார்டுவேர் கடையில் உப்புத்தாள் வாங்கி எழுத்து வடிவில் வெட்டி அட்டையில் ஒட்டினால், இரண்டு விரலால் தடவித் தடவி எழுத்தின் பாதையைக் கை மனப்பாடம் செய்துகொள்ளும். மொட்டை மாடியில் ஒரு டம்ளர் தண்ணீரும் பழைய பெயின்ட் பிரஷ்ஷும் கொடுங்கள், வெயிலில் எழுத எழுதக் காய்ந்துகொண்டே இருக்கும்.

சிலேட்டுக்கு வரும்போது சாக்பீஸை ஒடித்து விரல் நுனி அளவுத் துண்டாகக் கொடுங்கள். நீளமான பென்சிலை முஷ்டியால் பிடிக்கும் பிள்ளை, சின்னத் துண்டை மூன்று விரலால் தவிர வேறு எப்படியும் பிடிக்க முடியாது. 'இப்படிப் பிடி' என்று விரலை மடக்கிவிடும் வேலை உங்களுக்கு மிச்சம்.

பிள்ளை மறுத்தால்

எடுத்து வைத்துவிடுங்கள். ஒன்று சுலபமாக இருக்கும், அல்லது கஷ்டமாக இருக்கும். சுலபம் என்றால் பாத்திரத்தின் வாயைச் சிறிதாக்குங்கள், கஷ்டம் என்றால் ஒரு படி இறங்குங்கள். இரண்டு வாரம் கழித்து அதே தட்டை மறுபடி வைத்தால் தானாக எடுப்பாள். ஒரே வேலையை நாள்தோறும் திரும்பத் திரும்பச் செய்தால் தடுக்காதீர்கள், கை எதையோ சரிசெய்துகொண்டிருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம். ஆனால் 4 வயதாகியும் இரண்டு விரலால் சிறு பொருளை எடுக்கவே முடியவில்லை, ஒரு கையை மட்டும் எப்போதும் ஒதுக்கியே வைத்திருக்கிறாள், முன்பு செய்ததை இப்போது செய்ய முடியவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். வளர்ச்சியில் தாமதம் உள்ள பிள்ளைகளைப் பரிசோதித்துப் பயிற்சி கொடுக்க அரசின் மாவட்ட அளவிலான மருத்துவமனைகளில் தனி மையங்கள் செயல்படுகின்றன. அங்கன்வாடி ஊழியரையோ கிராம சுகாதார செவிலியரையோ கேட்டால் வழி சொல்வார்கள். போகும்போது வீட்டில் பிள்ளை எதைச் செய்கிறாள், எங்கே தடுமாறுகிறாள் என்று கைபேசியில் சிறு வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவமனையில் புது முகங்களைப் பார்த்து அவள் எதையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாலும், மருத்துவருக்கு அது போதும்.